பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே

பாப்பே ஏரிக்கரையில் செப்டம்பர்.
நாணலுக்கு அந்தப் பக்கம் பால்டிக் கடல்
இரவெல்லாம் எதையோ இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது.
வவ்வால்கள் தெற்கே போகின்றன.
அவற்றின் குரல் மனிதக் காதுக்கு எட்டாது;
குடிசையில் இருக்கும் கணினிக்கு எட்டும்.
அதன் பெயர் நாரை.
வீட்டில் இருப்பது மரங்கொத்தி.
இரண்டிலும் லினக்ஸ்,
நடுவே நானூறு மீட்டர் கண்ணாடி இழை.
பெயர் வைத்தவன் இல்க்வார்ஸ்.
ஏப்ரலில் லியெபாயாவுக்குப் போனான், துறைமுகத்தில் வேலை.
மரங்கொத்தியையும் கையோடு எடுத்துப் போனான்.
விஸ்மா புதிதாக ஒன்று வாங்கினாள்,
அதே பெயரை வைத்தாள்.

பிங் போகிறது, பதில் வருகிறது.
மவுண்ட் என்று சொன்னால் மட்டும்
கர்சர் கண்ணைக் கொட்டிக்கொண்டு நிற்கிறது.
ஃபயர்வால்.
இரண்டாயிரத்து நாற்பத்தொன்பதாம் போர்ட்டைத் திறந்துவிட்டாள்.
மூன்று வருடத்து இரவுகள்
கோப்புறை கோப்புறையாக வந்து நின்றன.
படிக்க முடிகிறது. எழுத முடியவில்லை.

மணி இரண்டு.
கம்பு ரொட்டியின் ஓரத்தைக் கடித்தபடி
நாரையில் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பைத் திறந்து
தான் எழுதிய ஒற்றை வரியைப் பதினொரு முறை படித்தாள்.
பாதை சரி. பெயர் சரி.
அடைப்புக்குள் எழுதும் உரிமையும் இருக்கிறது.
பன்னிரண்டாம் முறை
படிப்பதை விட்டுவிட்டு
வெறுமனே பார்த்தாள்.
மரங்கொத்தி,
அடுத்து ஓர் இடைவெளி,
அதற்கப்புறம்தான் அடைப்புக்குறி.

சேர்த்து எழுத வேண்டியதைப் பிரித்து எழுதினால்
தமிழ்ப் பரீட்சையில் அரை மதிப்பெண் போகும்.
நாரை அப்படி மன்னிப்பதில்லை.
அது இப்படிப் புரிந்துகொண்டது:
பெயர் சொல்லி அழைத்த மரங்கொத்திக்குப்
பார்க்க மட்டும்.
பெயர் சொல்லாத மற்ற எல்லோருக்கும்
எழுதலாம், அழிக்கலாம், உங்கள் இஷ்டம்.
ஊருக்கெல்லாம் சாவி,
வீட்டுக்காரிக்கு ஜன்னல்.
நல்லவேளை, அங்கே ஊர் என்பது
குப்பைத்தொட்டிக்கு வரும் ஒரு நரி.

இடைவெளியை அழித்தாள்.
தன் கோப்புறையில் ஒரு வரி எழுதப் போனாள்.
அனுமதி இல்லை.
அவன் கோப்புறையில் எழுதினாள்,
ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக்கொண்டது.
பட்டியலிட்டுப் பார்த்தால்
அவன் பதிவுகள் எல்லாவற்றுக்கும் உரிமையாளர் விஸ்மா.
அவள் பதிவுகள் எல்லாம் இல்க்வார்ஸுக்கு.

கம்பி வழியாகப் பெயர் போவதில்லை, எண்தான் போகிறது.
குடிசையில் முதலில் கணக்குத் திறந்தவன் அவன்: ஆயிரம்.
அவள் ஆயிரத்தொன்று.
புதுக் கணினியில் முதல் ஆள் அவள்.
இரண்டாவதாக,
இப்போதுதான் நினைவு வருகிறது,
பழக்க தோஷத்தில்
அவனுக்கும் ஒரு கணக்கு திறந்திருக்கிறாள்,
கடவுச்சொல் முதற்கொண்டு.

இரண்டு எண்களை மாற்றிப் போட்டால் தீர்ந்தது.
ஐந்து நிமிட வேலை.

அதற்கு முன், சரியாக ஓடுகிறதா பார்க்கலாமென்று
போன ஆகஸ்டின் ஓர் இரவைத் திறந்து
பத்து மடங்கு மெதுவாக்கி ஓடவிட்டாள்.
வவ்வால்கள் வந்தன,
பீங்கான் தட்டில் பட்டாணி உதிர்வதுபோல்.
கொஞ்சம் வெறும் இரைச்சல்.
பிறகு, அடியாழத்திலிருந்து,
ஒரு படகு மெல்லத் தரைதட்டுவதுபோல்
நீண்ட, கனத்த உறுமல்.

மூன்றாவது முறை கேட்டபோதுதான் தெரிந்தது.
மைக்குக்குப் பக்கத்தில் நின்று
இல்க்வார்ஸ் இருமியிருக்கிறான்.

திரையில் கோப்பின் பெயர், தேதி, அளவு.
உரிமையாளர்: விஸ்மா.

கெட்டிலில் தண்ணீர் வைக்க எழுந்தாள்.
எண்களைக் காலையில் மாற்றிக்கொள்ளலாம்.