சின்ன சன்னல்

யீஷூன் பலதுறை மருந்தகம், பதினான்காம் அறை.
பேருந்து ஓட்டும் சீருடையிலேயே வந்திருந்தார்
தேவசகாயம்.
நீல மருந்து மாதத்துக்கு இரண்டு தீர்கிறது.
பழுப்பு மருந்து?
"காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு,
தவறினதே இல்ல, மிஸ்ஸி."

வாங்கித் திருப்பினேன்.
முதுகிலிருந்த சின்ன சன்னலில் நூற்றுப் பதினேழு.
மூன்று மாதத்துக்கு முன்
நூற்றிருபதில் தொடங்கியது.

ஒன்றும் சொல்லவில்லை.
மருந்தில்லாத பழகு குப்பியை நீட்டி
"எப்படி இழுப்பீங்க, காட்டுங்க" என்றேன்.

குலுக்கவில்லை.
வாயை ஆவென்று திறந்து
ஒரு சாண் தள்ளிப் பிடித்து
கொசுவுக்கு அடிப்பதுபோல் அடித்தார்.
எங்கள் இருவருக்கும் நடுவே
வெள்ளையாய்த் தொங்கிக் கலைந்தது.
"குளிரூட்டிக்கு இனி மூச்சுத் திணறாது."
சிரித்தார்.
சிரிப்பின் வாலில் ஒரு விசில்.

"ஆட்கள் நிற்கும்போது வண்டியை எப்படி எடுப்பீங்க?"
"மெள்ள. யாரும் விழக் கூடாதுல்ல."
"அதேதான்.
முதலில் இறங்குறவங்க இறங்கட்டும்,
இருக்கிற மூச்சு முழுக்க வெளியே.
பிறகு கதவை மூடுங்க, உதட்டால், இடைவெளி இல்லாம.
அழுத்திக்கிட்டே மெள்ள எடுங்க.
சிவப்பு விளக்கு. பத்து எண்ணுங்க."

ஆறில் இருமினார்.
மறுபடி. எட்டு.
மறுபடி.

கிளம்பும்போது கதவருகே நின்று,
குரல் இறங்கி:
"ஸ்டீராய்டாமே. டிப்போல சொன்னாங்க,
எலும்பைத் தின்னுடும்னு."
ஓ, இதுதானா
அந்த நூற்றுப் பதினேழு.
மறுபடி உட்கார வைத்தேன்.
வெளியே வரிசை எண் இரண்டு முறை கூவியது.
எவ்வளவு கொஞ்சம், எங்கே போகிறது,
தொண்டையில் தங்குவதை ஏன்
கொப்பளித்துத் துப்ப வேண்டும்:
ஒரு முழு இரவுப் பயத்துக்கு
ஏழு நிமிடம்.

இருபத்தெட்டு நாள் கழித்து
கேட்பதற்கு முன்பே
சன்னல் என் பக்கம் தெரிய மேசையில் வைத்தார்.
இருபத்தொன்பது.
ஐந்து இருந்திருக்க வேண்டும்.
"ஆறு நாள் எங்கே?"
"பெங்கேராங், மீன் பிடிக்க. மருந்து இங்க வீட்டுல."
பொய்யில்லாத எண்.
எனக்கு அது போதும், அன்றைக்கு.

ஊதச் சொன்னேன். முள் முந்நூற்றுப் பத்தைத் தாண்டி
முந்நூற்றுத் தொண்ணூறில் நின்றது.

"நீலம்?"
சட்டைப் பை. கால்சட்டைப் பை.
தோள்பையில் சாப்பாட்டு டப்பா, குடை,
பழைய அட்டவணைத் தாள்,
அடியில், மூடியில் பஞ்சு ஒட்டி, அது.

தேடுகிற இடத்திலா வைப்பது என்று
திட்டத்தான் ஆரம்பித்தேன்.