பழைய பெட்ரோல்

இரவெல்லாம் சுவரோரம் கேபிளில் கட்டிக் கிடந்து
காலையில் அறுபது கிலோமீட்டர் என்கிறது கார்.
இந்தக் குளிரில் அது முப்பத்தெட்டு.
சோத்கமோ நூலகத்துக்குப் போக, வர
முப்பத்தொன்று.
போதும்.

முழு மின்சாரக் கார் வாங்கிய ஏர்கி
பனியை வழித்தபடி கேட்டார்:
"ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலா, ஐலா?"
ஆமாம் என்றேன்.
ரோவனியெமியில் தம்பி இருப்பதைச் சொல்லவில்லை.
அப்பாவின் படகை அவன் விற்ற நாளிலிருந்து
பேச்சில்லை.

இன்று ஞாயிறு, மார்ச் பதினொன்று.
வண்டியை எடுத்ததும் திரையில் ஒரு வரி:
எரிபொருள் பழையதாகிறது, எஞ்சின் தானே ஓடும்.

ஆகஸ்டில் தொட்டி நிறைய ஊற்றியது.
எதற்கென்று அப்போது என்னையே கேட்கவில்லை.
ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

ஏழு மாதம் ஊமையாயிருந்தது
ஒருமுறை இருமிவிட்டுப் பேசத் தொடங்கியது.
ஏர்கி வீட்டுத் திரைச்சீலை விலகிற்று.

நூலகத் திருப்பம் போயிற்று.
விறகுக் கடை போயிற்று.
பிறகு பிர்ச் மரங்கள்,
பிர்ச் மரங்கள்.

முந்நூற்றெழுபது கிலோமீட்டர்.
கதவைத் திறந்து
ஏன் வந்தாய் என்பான்.

பெட்ரோல் கெட்டுப்போகிறது
என்பேன்.