சோதனை என்ற சொல்

பத்திரம் என் மேசைக்குத் திங்கட்கிழமை வந்தது.
அணுகுண்டை வெடித்துப் பார்ப்பதற்கு உலகம் போட்ட தடை.
தமிழ் வெள்ளிக்குள் வேண்டுமாம்.
சிங்களம் போன மாதமே முடிந்துவிட்டது என்றாள் நிலூஷி,
பிளேன் ரீயை ஆற்றிக்கொண்டே.

தலைப்பிலேயே நின்றுவிட்டேன்.
சோதனை.
இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பழக்கம்:
வெள்ளவத்தையில், மணல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வந்தவன்
என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து
கத்தரிக்காய்க் குழம்பைப் பேனையால் கிளறினான்.
பரிசோதனை என்று மாற்றிப் பார்த்தேன்.
இரத்தம் எடுப்பதுபோல் சாதுவாகிவிட்டது.
வெட்டினேன்.

பதினாலாம் உறுப்புரை: நடைமுறைக்கு வருதல்.
இன்னும் வரவில்லை.
சிலர் ஒப்பமிடவில்லை,
ஒருவர் கொடுத்த சம்மதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.
அவன் வெடித்தால் நானும் வெடிப்பேன் என்று
காலை ரேடியோவில் யாரோ.

சட்டத்தில் இருப்பது வீட்டுக்கு வந்து சேராதது
எனக்குப் புதினமில்லை.
என் மொழியும் அரச கரும மொழிதான்.
தொலைந்த பர்ஸுக்காக அக்கா பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டில்
அவளால் வாசிக்க முடிந்தது
அவள் வைத்த கையொப்பம் மட்டும்.

ஆனாலும் பாருங்கள்,
இன்னும் பிறக்காத இந்தச் சட்டத்துக்கு அடங்கி
எத்தனையோ பாலைவனங்கள் வருடக்கணக்காய்ச் சும்மா கிடக்கின்றன.
அதுதான் புதினம்.

ஐந்து மணிக் கோச்சி கடற்கரையோரம் போகிறது.
கந்தோர் யன்னல்கள் அதிர்கின்றன.
நிலூஷி நிமிரவில்லை.
நான் நிமிர்ந்தேன்,
ஓசை அடங்கும்வரை எண்ணினேன்,
பிறகு குனிந்து
சோதனை என்றே எழுதினேன்.