பெட்டி எண் ஏழு

ஐயா, அல்லது அம்மா,
இதைப் படிக்கப்போவது யாரென்று தெரியாது.
ஒட்டாவாவில் ஏதோ ஓர் ஐந்தாவது மாடி,
ஜன்னலோரம் ஒரு செடி, ஆறிப்போன காப்பி
என்று நானே நினைத்துக்கொள்கிறேன்.
இங்கே லாப்ரடார் சிட்டியில் மைனஸ் இருபத்தொன்பது.
பேனா மை உறையாதிருக்க
கக்கத்தில் வைத்து வைத்து எழுதுகிறேன்.

ஒன்று முதல் ஆறு வரை நிரப்பியாயிற்று.
வந்த தொகை எண்பத்துநாலாயிரம் டாலர்.
பயனடைந்தோர் பத்தொன்பது பெண்கள்.
அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு பிலொமேன் பொக்யூ கேட்டாள்:
"நாம் என்ன வெள்ளத்திலா மிதந்தோம்?"

சிறிய அளவுப் பாதுகாப்புப் பட்டைகள் பன்னிரண்டு வாங்கினோம்.
அதுவரை ஆண்களின் பட்டையில்
தோளுக்கு இரண்டு முடிச்சுப் போட்டுத்தான் ஏறினோம்.
தவறினால் நாங்கள் கீழே,
பட்டை மட்டும் பத்திரமாக மேலே.

சம்பளப் பட்டியலைப் பார்க்க
ஒரு கணக்காளர், எட்டு நாள்.
நான் ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த பையனுக்கு
முதல் நாளிலிருந்தே மணிக்கு என்னைவிட
இரண்டு டாலர் பதினோரு சென்ட் கூட.
ஒன்பது வருடம்.
பெருக்கிப் பார்க்காதீர்கள்.
நான் பார்த்தேன்,
அன்று ராத்திரி அடுப்பில் ரொட்டி கருகியது.

இப்போது பெட்டி ஏழு.
"எண்களால் அளக்க முடியாத மாற்றம் இருப்பின்
இருநூறு சொற்களுக்குள் விவரிக்கவும்."

என் தண்ணீர் பாட்டில் நீல நிறம்.
மூடியில் ஒரு பல் தடம், என் மகனுடையது.
ஒன்பது வருடம் அது
நிறைந்தே சுரங்கத்துக்குப் போனது,
நிறைந்தே வீட்டுக்கு வந்தது.
பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்.
முதல் நாள் கழிப்பறை எங்கே என்று கேட்டதற்கு
மேற்பார்வையாளர் ஜெரல்ட் ஹைன்ஸ் பனியைக் காட்டினார்.
கெட்ட மனிதரில்லை.
அதுவரை யாரும் அவரிடம் கேட்டிராத கேள்வி அது.

நான் ஓட்டும் லாரி இரண்டு மாடி உயரம்.
இருநூற்று நாற்பது டன் இரும்புக்கல்லுக்கு
அதில் இடமிருந்தது.
ஒரு டம்ளர் தண்ணீருக்கு
என் உடம்பில் இடமில்லை.
நாக்கு வறண்டால் உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வோம்.
சிறுநீரகத்தில் கல் என்றார் டாக்டர்.
சுரங்கத்தில் வேலை, கல் இல்லாமலா, என்று சிரித்தேன்.
வண்டிக்குத் திரும்பியபிறகுதான் அழுதேன்.

உங்கள் பணத்தில்
குழியின் விளிம்பில் இரண்டு அறைகள் வந்தன.
ஹீட்டர், விளக்கு, உள்பக்கம் தாழ்ப்பாள்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள்.
பரவாயில்லை,
இந்த யானை முதலில் தண்ணீர் குடித்தது.
அன்று மாலை வாசலில் பூட்ஸைக் கழற்றும்போது
என் மகன் பாட்டிலை ஆட்டிப் பார்த்து
"அம்மா, ஓட்டையாகிவிட்டதா?" என்றான்.

இதை எந்த அலகில் எழுத?
லிட்டரிலா?

இருநூறு சொற்கள் தாண்டியிருக்கும், மன்னிக்கவும்.
இன்னும் ஒன்று இருக்கிறது.
நிரந்தரக் கட்டுமானத்துக்கு உங்கள் பணம் கிடையாது
என்கிறது பதினாலாம் விதி.
ஆகவே அறைகள் வாடகை.
மார்ச் முப்பத்தொன்றோடு திட்டம் "வெற்றிகரமாக நிறைவுறும்."
மறுநாள் காலை அவற்றைத் தூக்கிப்போக
ஒரு லாரி வரும்.
அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் பரிசீலிப்பார்களாம் கம்பெனியில்.
பரிசீலிக்கும் அறைக்குப் பக்கத்திலேயே
அவர்களுக்குக் கழிப்பறை இருக்கிறது.

அறைகளைத் தளத்தோடு பிணைத்திருக்கும் சங்கிலிக்கு
ஒரே ஒரு பூட்டு.
நேற்று இரவு ஷிப்டில் பத்தொன்பது பேரும் பேசி,
வாக்கெடுத்து,
ஒரு முடிவுக்கு வந்தோம்.

இணைப்புகள்:
ரசீதுகள் நாற்பத்தொன்று.
புகைப்படங்கள் ஆறு.
சாவி ஒன்று.

உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும்.
திருப்பி அனுப்ப அவசரமே இல்லை.

இப்படிக்கு,
ஏவிஸ் நோஸ்வொர்த்தி
லாரி எண் 31