செவலைப் பசு, 1794

நீதிமன்றக் கீழ்த்தளம், மூன்றாம் புத்தகம்.
இறந்தவன் ஏசா பிக்கெட். கடன் மிச்சம்.
சாமான்கள் வாசலிலேயே ஏலம்:

இறகு மெத்தை: விதவை கெசியா, ஒன்பது ஷில்லிங்.
காது உடைந்த இரும்புச் சட்டி: விதவை.
ராட்டை: விதவை.
நேற்றுவரை தான் துலக்கி வைத்ததை
விலை கொடுத்து வாங்கியிருக்கிறாள்.

பசுவுக்கு மட்டும்
ஒரு ஷில்லிங் ஏற்றிக் கேட்டவன்
ஜாபெஸ் ட்ரூவிட்.
இவனைத் தேடித்தான்
ஓஹையோவிலிருந்து நானூறு மைல் ஓட்டி வந்தேன்.
என் ரத்தம்.

அடுத்த மார்ச், வழக்குப் பதிவேடு:
மாடு தினமும் பழைய கொட்டிலுக்கே போகிறதாம்,
அவள் கறந்துகொள்கிறாளாம்.
ட்ரூவிட் புகார். தள்ளுபடி.
"அதுவாக வருகிறது" என்ற வாக்குமூலத்தின் அடியில்
கெசியாவின் பெருக்கல் குறி,
தாள் கிழியுமளவு அழுத்தி.

நகல் ஒன்றுக்கு இருபத்தைந்து சென்ட்.
பையில் ஒரே நாணயம்.
குறி இருந்த பக்கத்தை
இயந்திரத்தில் கவிழ்த்தேன்.