கைவிட்டு உதைப்பவன்

அமலனை நான் தலைகீழாகத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.
குனிந்து, என் கால்களுக்கிடையே,
பதினைந்து கஜம் தள்ளி:
மேலே புல்.
புல்லிலிருந்து தொங்கும் இரண்டு பூட்ஸ்,
முழங்கால், ஜெர்சி எண் ஒன்பது,
கடைசியில்தான் முகம்.
விரல் அசைந்தால் பந்தைப் பின்னால் எறிவேன்.
முக்கால் நொடியில் போய்ச் சேர வேண்டும்.

மூன்று முயற்சியும் வீணான பிறகுதான்
எங்களைக் கூப்பிடுவார்கள்.
மற்றவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றி
எச்சில் துப்பி வெளியே வர
நாங்கள் உள்ளே போவோம்,
சாவு வீட்டுக்குப் பந்தல் போடப் போகிறவர்கள் மாதிரி.

கௌதமபுரத்தில் எவனுக்கும் விளங்கவில்லை.
அங்கே பல் விழுமுன் கோல் போடுகிறவர்கள்.
"கோல் கிடையாதா?"
"கிடையாது."
"பாஸ்?"
"எதிராளிக்குத்தான்."
"எதிராளிக்குப் பந்து கொடுக்கவா மச்சா உனக்குச் சம்பளம்?"
"தூரமாக் கொடுக்க" என்றான்.
ஆறு வருஷம் ஒரு தொழிற்சாலை அணியில்
மாற்று கோல்கீப்பராக பெஞ்சைத் தேய்த்தவன்.
பிலோமினம்மா மட்டும் கேட்டாள்,
காலுக்கு இன்ஷூரன்ஸ் உண்டா என்று.

உதைப்பது ஒன்றும் பெரிசில்லை, என்பான்.
கைவிடுவதுதான் கஷ்டம்.
நெஞ்சுயரத்தில் பிடித்த பந்தைச்
சாயாமல், சுழலாமல்,
அதன்மேல் துளி ஆசையும் இல்லாமல் விட வேண்டும்.
ஒரு விரல் ஒட்டினாலும் கோணிவிடும்.
விடியற்காலை அல்சூர் ஏரிக்கரையில்
உதைக்காமல் வெறுமனே விட்டுக்கொண்டிருப்பான்.
பொத்.
எடுப்பான்.
பொத்.
நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள்
பாவம் கையில் ஏதோ கோளாறு என்று ஒதுங்கிப் போனார்கள்.

ஹைதராபாத்துக்கு எதிராக ஒன்று உதைத்தான்.
போனில் அளந்தோம், நாலு புள்ளி ஆறு நொடி.
பெவிலியனில் ஒருத்தர்
போண்டாவைப் பிட்டு, ஊதி, வாயில் போட்ட பிறகுதான்
பந்து இறங்கியது.
"சக்கத்து குரு!" என்று
எங்கோ ஒற்றைக் குரல்.
அவ்வளவுதான் கைதட்டல்.

அப்புறம் அந்த அக்டோபர் மழை.
புனேவோடு அரையிறுதி.
பந்து சோப்புக்கட்டி போல இருந்தது.
நான் எறிந்தேன்.
அவன் தலைக்கு மேலே போனது.
திரும்பி ஓடினான்.
விழுந்து அமுக்கியிருக்கலாம்.
உதைக்கப் பார்த்தான்,
நூற்றிப்பத்து கிலோ ஒருத்தன் அவன் முழங்கால்மேல் விழும்வரை.

வீடியோ முன்பக்கத்திலிருந்து எடுத்தது.
அதில் அவன் பிடிக்கத் தவறியது போலத்தான் தெரியும்.
"கை நழுவிட்டான்" என்றார் கோச்.
நான் ஜெர்சியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
துடைத்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் வாட்ஸாப்பில் வந்தது
கும்பிடும் கைகளோடு ஒரு நன்றி.
மறு வருஷம் லீக்கே இல்லை.
இரண்டு சீசன். அறுபத்தொரு உதை.
சராசரி முப்பத்தெட்டு கஜம்.
டச்டவுன் பூஜ்யம்.
சம்பள பாக்கி ஒன்றரை மாசம்.

போன வாரம் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன்.
லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காம்.
வலது கால் மற்றதைவிட
சற்றுத் தாமதமாக வந்தது.
"அமலா, அன்னிக்கு மழையில..." என்று ஆரம்பித்தேன்.
பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்தான்.
நெஞ்சுக்கு நேராகப் பிடித்து
விட்டான்.
சுழலவில்லை.
பூட்ஸ் முதுகில் வாங்கி
அசையாமல் நிறுத்தினான்.
"பாத்தியா, இன்னும் கோணல."

வைட்ஃபீல்ட் பஸ் வந்துவிட்டது.
ஆரஞ்சை என் கையில் விட்டுவிட்டு
இடித்துக்கொண்டு ஏறினான்.
ஜன்னலில் அவன் முகம்
முதலில் வந்தது.

இன்னும் உரிக்கவில்லை.