செக்-அவுட் பதினோரு மணி

பதினோரு மணிக்கு மேல்
எல்லா அறையும் எனக்குத்தான்.
விரிப்பை உருவும்போதே தெரிந்துவிடும்
இரவு எப்படிப் போனதென்று.
அதைச் சொல்ல எனக்குச் சம்பளமில்லை.

ரோஜாவைப் பற்றிச் சொல்லலாம்.
ஏழு ரோடு முக்கில் ஒன்று அறுபது ரூபாய்,
பிப்ரவரியில் நூற்றைம்பது.
ஓசூரில் வெட்டி, ஐஸ் பெட்டியில் படுக்கவைத்து,
வத்தலக்குண்டு தாண்டி
வளைவுக்கு வளைவு தலைசுற்றி
கொடைக்கானல் வந்து சேரும்போது
அது வேரை விட்டு மூன்று நாள்.

பூக்கடை ஜெயசீலன் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார்:
சிவப்பு என்றால் காதல், மஞ்சள் என்றால் நட்பு,
வெள்ளை என்றால் மன்னிப்பு.
மஞ்சள் மிஞ்சிப்போன ஒரு நாள்
ஸ்கெட்ச் பேனாவை எடுத்து
நட்புக்குப் பக்கத்தில் 'மற்றும் காதல்' என்று சேர்த்தார்.
சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிட்டது.

என் கணக்கில் நிறம் வராது.
தண்ணீரில் நிற்கிறதா, தாளிலேயே கிடக்கிறதா,
அதைத்தான் பார்ப்பேன்.
பல் துலக்கும் டம்ளரில் நின்றால்
யாரோ ஒருவர் இரவில் எழுந்து
அதை நினைத்திருக்கிறார்.
ஹீட்டர் மேல் வைத்திருந்தால்
நினைக்கத் தெரியாதவர்; கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.
மலைவாழைப்பழத் தட்டில் வைப்பவர்கள்தான் அதிகம்.
பழம் கனியக் கனியப் பக்கத்துப் பூ வாடும்.
என் நாத்தனார் வந்து தங்கும் நாட்களில்
எனக்கு இது ஞாபகம் வரும்.

பதினாலாம் அறையில் ஒரு வெள்ளை ரோஜா
குப்பைக் கூடையில் தலைகீழாக இருந்தது.
விலைச்சீட்டு தண்டிலேயே நூலில் ஆடியது.
பளபளத் தாளுக்குள் வியர்த்து
கழுத்து ஒடிந்தாற்போல் தொங்கல்.
ஒடியவில்லை. தொட்டால் தெரியும்.
தண்டுக்குள் காற்றுக்குமிழ் ஒன்று அடைத்துக்கொண்டால்
நீர் ஏறாது, அவ்வளவுதான்.
தொண்டையில் நிற்கும் வார்த்தை மாதிரி என்று
சொல்ல வந்தேன். வேண்டாம்.
குமிழ் குமிழ்தான்.

துடைப்பத்தைச் சாத்திவிட்டு
பக்கெட்டில் தண்ணீர் பிடித்தேன்.
தண்ணீருக்குள்ளேயே வைத்து
அடித்தண்டை இரண்டு விரற்கடை சாய்த்து வெட்டினேன்.
வெளியே வெட்டினால் மறுபடி காற்றைக் குடிக்கும்.
முங்கும் இலைகளைக் கிள்ளினேன்.
முள்ளை விட்டுவிட்டேன்.
பூவை முழுசாகப் படுக்கப் போட்டுவிட்டு
பன்னிரண்டாம் அறைக்குப் போனேன்,
ஒன்பதில் குழந்தை வாந்தி, அங்கே போனேன்.

நாலு மணிக்குக் கழுத்து நிமிர்ந்திருந்தது.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு சிட்டிகை சீனி,
பாத்ரூம் கழுவும் பிளீச்சில் ஒரே சொட்டு.
கொண்டுபோய் ரிசப்ஷன் மேசையில் வைத்தேன்.
"யார் குடுத்தது?" என்றார் மேனேஜர் ஃபெலிக்ஸ்.
கூடை குடுத்தது என்றேன்.

மறுநாள் மஞ்சு இறங்கும் நேரம்
அந்தப் பெண் வந்தாள், தனியாக,
மறந்துபோன சார்ஜருக்கு.
கேட்க வந்ததைக் கேட்காமல்
பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
விலைச்சீட்டைப் பிடித்துத் திருப்பினாள்.
அதைக் கழற்ற எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

"தினமும் தண்ணி மாத்தணுமா?"
"மாத்தணும். மாத்துறப்பல்லாம்
அடியில கொஞ்சம் வெட்டணும்."
"அப்ப குட்டையாகிட்டே வருமே."
"வரும்."
"எத்தனை நாளைக்கு இருக்கும்?"
எட்டு என்றேன். ஆறுதான்.
இந்தக் குளிருக்கு எட்டும் இருக்கலாம்.

சார்ஜரை வாங்கிப் பைக்குள் போட்டாள்.
பூவையும் எடுத்துக்கோ என்றேன்.
"இது எனக்கு வந்ததில்லக்கா.
நான் குடுத்தது."
ஏரிப் பக்கம் இறங்கிப் போய்விட்டாள்.

பாட்டிலை ஜன்னலுக்கு நகர்த்தினேன்.
ஜன்னலில் காற்று என்று திரும்ப உள்ளே இழுத்தேன்.
ஃபெலிக்ஸ் சாப்பாட்டுப் பையைப் பிரித்து
ஒரு மலைவாழைப்பழத்தை எடுத்து
பூவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு
போன் பேச வெளியே போனார்.

உரித்துத் தின்றுவிட்டேன்.